பழைய புட்போல் வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்களுக்கு

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு தாத்தா இருப்பார், இல்லையென்றால் இருந்திருப்பார். அவரைப் பற்றிக் கேட்டால் யாராவது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவரா? கல்லூரி டீமில் ஆடினவராச்சே, அவர் அடித்த பந்துக்குக் குறுக்கே நிற்க ஆளில்லை" என்று ஆரம்பிப்பார். அரை மணி நேரம் கோல் கதை வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் அவர் எந்த வருடம் பிறந்தார், எந்த வகுப்போடு படிப்பை விட்டார், பிறகு என்ன வேலை பார்த்தார், பந்தை ஏன் விட்டார், ஒன்றுமே கையில் இருக்காது.

எனக்கு அப்படித்தான் நடந்தது. என் பாட்டியின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, 1950களின் கடைசியில் ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் டீமில் லெப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரர். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே கல்லூரி என்றால் பாடசாலைதான், பல்கலைக்கழகம் இல்லை.) அவரைப் பற்றி எழுத மூன்று வருடம் அலைந்தேன். அதில் முதல் ஒன்றரை வருடம் வீண், ஏனென்றால் கோல்களைத் துரத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த ஒன்றரை வருடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயதைப் பிடியுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் வயது தெரியாமல் அவர் எந்த வருடத்து டீமில் ஆடினார் என்று சொல்ல முடியாது, வருடம் தெரியாமல் பழைய பேப்பரைத் தேட முடியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிறந்த நாள் ஒன்று, பதிந்த நாள் ஒன்று, பாடசாலையில் சேர்க்கும்போது தகப்பன் சொன்ன நாள் இன்னொன்று. பதிவே கிடைக்காமல் உத்தேச வயதுப் பத்திரம் எடுத்தவர்களும் நிறைய. சின்னத் தாத்தாவுக்கு மூன்று பிறந்த வருடங்கள் கிடைத்தன. அடையாள அட்டையில் ஒன்று, கல்லூரிச் சேர்வு இடாப்பில் ஒன்று, அவர் அக்காவான என் பாட்டி "பெரிய மழையில் லயத்துக் கூரை போன வருசம்" என்று சொன்னது ஒன்று (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு).

இது நமக்கு மட்டும் உள்ள தலைவிதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஆரம்பகாலக் கல்லூரி புட்போலில் ஜிம் தோர்ப்பை விடப் பெரிய பெயர் கிடையாது. பூர்வகுடி மனிதர், சாக் அண்ட் பொக்ஸ் இனம், இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய ஞானஸ்நானப் பத்திரத்தில் 1887 மே 22 என்று இருக்கிறது. அவரோ 1888 மே 28 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உலகமே கொண்டாடிய ஒருவருக்கே இப்படி என்றால், லயத்தின் பத்தடிக் காம்பராவில் பிறந்த நம் ஆளுக்கு மூன்று வருடம் இருப்பதில் என்ன அதிசயம்? செய்ய வேண்டியது ஒன்றுதான். மூன்றையும் எழுதுங்கள், எது எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள், எதை நம்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்தால் பிறகு யாராவது வந்து கவிழ்ப்பார்கள். மூத்த பிள்ளை, இளைய பிள்ளை வரிசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் பத்திரம் சரியாக இருந்தால் தம்பியின் வருடத்தை ஓரளவு கட்டிப்போடலாம்.

(அந்த அமெரிக்கப் புட்போல் நம் ஆட்டம் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. டிக்கோயாவில் டராவெல்ல மைதானத்தில் துரைமார் ஆடினார்களே ரகர் என்கிற ரக்பி, அதற்குக் கிட்டச் சொந்தம். நான் ஏன் அவர்களைப் படிக்கப் போனேன் என்றால், பழைய கல்லூரி வீரர்களின் வாழ்க்கையைத் தோண்டி எடுப்பதில் அவர்களுக்கு அனுபவம் அதிகம், எங்கே எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதும் எழுதி இருக்கிறது.)

ஆட்களிடம் பேசும் விதம்

ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது தானாக வரும். போனை எடுத்து முன்னால் வைத்து "ரெக்கோர்ட் பண்ணுகிறேன் தாத்தா, சொல்லுங்கள்" என்றால் மேடைப் பேச்சு வரும், வேறொன்றும் வராது. ஒரு பழைய போட்டோவைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். போட்டோ இல்லையா, பொருளைக் கேளுங்கள். பந்து எப்படி இருந்தது? தோல் பந்து, உள்ளே பிளாடர், வாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். மழையில் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். அந்தக் கயிற்று முடிச்சில் தலை கொடுத்தால் நெற்றி கிழியும். சின்னத் தாத்தாவின் கூட ஆடிய ஒருவரிடம் நான் பந்தைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி வலது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தழும்பைக் காட்டினார். "உன் தாத்தா கோர்னரில் இருந்து தூக்கிப் போட்டான், நான் தலையைக் கொடுத்தேன். கோல் விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது, ரத்தம் கண்ணை மறைத்துவிட்டது" என்றார். அறுபது வருடக் கதையில் எனக்குக் கிடைத்த முதல் நம்பத்தகுந்த சாட்சி அந்தத் தழும்புதான்.

அப்புறம் இப்படிக் கேளுங்கள்: சப்பாத்து யாருடையது? ஜேர்சியைத் துவைத்தது யார்? மெட்சுக்கு எதில் போனீர்கள், கொழுந்து லொறியிலா, ரயிலிலா, நடந்தா? மைதானம் எங்கே இருந்தது, பந்து கீழ் மலைக்கு உருண்டுபோனால் யார் இறங்கி எடுத்துவந்தது? மழை வந்தால் நிறுத்தினார்களா? இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் பெருமை அடிக்க முடியாது, அதனால் பதில் உண்மையாக வரும்.

பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது பெரிய தவறு. ஆண்கள் எல்லாரும் சின்னத் தாத்தா முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டதாகத்தான் சொன்னார்கள். சின்னப் பாட்டி, கேட்டதும், "முழங்காலாவது மண்ணாவது, அவங்க அப்பா செத்ததும் தங்கச்சிமார் மூணு பேரைக் கரையேத்தணும், சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் கைக்காசுக்குப் போனாரு, எங்க பந்தடிக்க?" என்று முடித்துவிட்டார். (கைக்காசு என்றால் வழக்கமான வேலைக்கு மேலே கைக்குக் காசு வாங்கிச் செய்யும் வேலை.) முழங்கால் கதை கேட்க நன்றாக இருக்கிறது. கைக்காசுதான் நடந்தது.

எதிர் டீமில் ஆடியவர்கள் உயிரோடு இருந்தால் பஸ் ஏறிப் போய்விடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். நம் ஆளைப் பற்றி எதிரி சொல்லும் ஒரு நல்ல வார்த்தைக்கு நம் ஆட்கள் சொல்லும் பத்து வார்த்தை ஈடாகாது. அவர்களிடம் தோல்விகளின் கணக்கும் இருக்கும்.

கதையை உரசிப் பார்ப்பது

எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை, ஒரு பைனலில் சின்னத் தாத்தா அடித்த பந்து கோல் வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது என்பது. சின்ன வயதில் நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு அந்த மைதானத்தின் அந்தக் காலத்துப் போட்டோ ஒன்று கிடைத்தது. பின்னால் சவுக்கு மரங்கள், பக்கத்தில் துரை பங்களாவுக்குப் போகும் பாதை, நடுவில் இரண்டு கம்பம், மேலே ஒரு குறுக்குக் கம்பு. வலையே இல்லை. எதைக் கிழித்தார்?

இந்த இடத்தில் இரண்டு தவறு செய்யலாம். ஒன்று, போட்டோவை ஒளித்து வைத்துவிட்டுக் கதையை எழுதுவது. மற்றது, கதை பொய் என்று தூக்கி எறிவது. இரண்டும் வேண்டாம். "தோட்டத்தில் இப்படிச் சொல்கிறார்கள், போட்டோவில் வலை இல்லை" என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாசிக்கிறவர் சிரித்துக்கொள்வார், உங்களையும் நம்புவார். இத்தனைக்கும் அந்தப் பைனல் நடந்தது நிஜம். 2க்கு 1 என்று வென்றதும் நிஜம். பேப்பரில் நாலு வரி வந்திருக்கிறது, சின்னத் தாத்தாவின் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருக்கிறார்கள்.

பேப்பர் எங்கே பார்ப்பது என்றால், வீரகேசரி 1930 இல் தொடங்கியது, தினகரன் 1932 இல். பழைய பிரதிகளுக்குக் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும். அடையாள அட்டையோடு போங்கள், எந்த மாதம் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள், சும்மா "அறுபதுகள்" என்று போனால் ஒரு வாரம் தூசி தின்றுவிட்டு வருவீர்கள். அதற்கு முன்னால் நூலகம் இணையத் தளத்தில் தேடிவிடுங்கள், 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் ஸ்கேன் செய்து போட்டு வருகிறார்கள், இலவசம். பாடசாலை மலர்களில் பழைய மாணவர் எழுதும் நினைவுக் கட்டுரைகளை விட, கடைசிப் பக்கங்களில் யாரும் படிக்காத விளையாட்டு அறிக்கை இருக்குமே, அதைப் பாருங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், தகப்பன் பெயரின் முதல் எழுத்துத்தான் வித்தியாசம், அதுவும் ஆங்கில எழுத்தா தமிழ் எழுத்தா என்பதைப் பொறுத்து மாறும். தோட்டத்துக்கும் இரண்டு பெயர், துரைமார் வைத்தது ஒன்று, நம் சனம் கூப்பிடுவது ஒன்று. பத்திரங்களில் முதல் பெயர், ஆட்களின் வாயில் இரண்டாவது. இதைச் சரிபார்க்காமல் நான் ஒரு விழா மலரில், சின்னத் தாத்தா 1955 இலேயே டீமில் இருந்தார் என்று எழுதிவிட்டேன். அது பக்கத்துத் தோட்டத்து வேறொருவர். அவர் மகன் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பிடித்து, பந்தி நடுவில், சாம்பார் வாளியோடு நின்றவரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

கணக்குப் புத்தகம்

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர். வீரரைப் பற்றிப் புகழ்ந்து எழுதிய எதையும் விட, அவரைப் பற்றி யாரும் நினைக்காமல் எழுதிய கணக்குத்தான் அதிகம் சொல்லும்.

யேல் பல்கலைக்கழகத்தில் 1888 இல் இருந்து 1891 வரை ஆடிய ஹெபல்பிங்கர் என்று ஒருவர், பட்டப்பெயர் பட்ஜ். அமெரிக்கக் கல்லூரி புட்போலின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். காசு வாங்காமல் ஆடும் கனவான் என்றுதான் பெயர். காசு வாங்கி ஆடிய முதல் ஆள் 1895 இல் 10 டாலர் வாங்கிய ஜோன் பிராலியர் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பல பத்தாண்டு கழித்து அலெகெனி என்ற கிளப்பின் செலவுக் கணக்குத் தாள் ஒன்று வெளியே வந்தது. 1892 நவம்பர் 12 ஆம் திகதி மெட்சுக்கு ஹெபல்பிங்கருக்கு ரொக்கம் 500 டாலர் என்று அதில் எழுதியிருக்கிறது. பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடி அந்த மெட்சின் ஒரே ஸ்கோரைப் போட்டதும் அவர்தான். ஒரு தாள், ஒரு வரி, வரலாறு மூன்று வருடம் பின்னால் போய்விட்டது.

நம் பக்கத்தில் அந்தத் தாள் எது? செக்ரோல், தோட்டத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று பேர் போடும் இடாப்பு. சின்னத் தாத்தா கல்லூரியை விட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்து வேலையில் சேர்ந்த பிறகு, தோட்டத்து டீமுக்கு ஆடினார். பழைய செக்ரோல் எல்லாத் தோட்டத்திலும் இருக்காது. 1970களில் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992 இல் மறுபடி கம்பனிகளிடம் போயின, ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு மூட்டை கடதாசி பொயிலருக்குப் போயிருக்கும். எனக்கு அதிர்ஷ்டம், ஒரு தோட்டத்தில் பழைய கிளாக்கர் ஒருவர் வீட்டு அட்டாலியில் கொஞ்சம் இருந்தது. கரையான் அரித்த ஓரம், நீல மை, பக்கத்துக்கு முப்பது பெயர். சனிக்கிழமைக் கட்டத்தில் வரிசையாக எல்லாருக்கும் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. ஒரு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மட்டும் சின்னத் தாத்தாவுக்கு முழுப்பேர், அதே இரண்டு நாளும் இன்னும் பத்துப் பேருக்கு முழுப்பேர். விரல் வைத்து எண்ணினேன். பதினொரு பேர்.

மலையில் அன்று என்ன விசேஷ வேலை நடந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அது டீமாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன், அப்படியே "நினைக்கிறேன்" என்றுதான் எழுதியும் இருக்கிறேன். இந்த விஷயத்தில் அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் காசு விஷயம் ஒரு ஆளின் பெயரைக் கெடுக்கவும் செய்யும். ஜிம் தோர்ப்புக்கு நடந்தது தெரியுமல்லவா? கார்லைல் பூர்வகுடிப் பாடசாலையில் படித்தார், 1911 இல் ஹார்வார்டை 18க்கு 15 என்று வென்றபோது நாலு பீல்ட் கோல் உதைத்தார், 1912 இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் எடுத்தார். அதற்கு முன் 1909, 1910 இல் சிறு காசுக்கு பேஸ்போல் ஆடியிருந்தார் என்று சொல்லி 1913 இல் பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மற்றவர்கள் கள்ளப் பெயரில் ஆடினார்கள், இவர் சொந்தப் பெயரில் ஆடினார், அதுதான் குற்றம். 1953 இல் செத்துப்போனார். 1982 இல்தான் ஒலிம்பிக் கமிட்டி மனம் மாறியது, அப்போதும் இணை வெற்றியாளர் என்று பாதியாக. தனி வெற்றியாளர் என்று முழுதாக ஒப்புக்கொண்டது 2022 இல். ஆக உங்கள் ஆள் அரைப்பேர் நாளில் முழுப்பேர் வாங்கினார் என்றால் அதை வெட்கப்படுகிற விஷயமாகவும் எழுதாதீர்கள், சாதனையாகவும் எழுதாதீர்கள். பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, விடியற்காலை போய் நின்ற ஆளுக்கு அரைப்பேர் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

செக்ரோல் இல்லாவிட்டால் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கார்டைக் கேளுங்கள், அந்தச் சட்டம் வந்தது 1958 இல், அதில் எந்தத் தோட்டத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று இருக்கும். ஒரு வாழ்க்கையின் முதுகெலும்பு அந்த ஒரு அட்டையில் கிடைத்துவிடும். வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான்.

பாதி ஆள் அக்கரையில்

நம் பழைய டீம் போட்டோக்களில் பாதிப் பேரை இங்கே தேடினால் கிடைக்காது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். உங்கள் வீரர் எதற்கு விண்ணப்பித்தார், அவர் தம்பி எதற்கு விண்ணப்பித்தார் என்று கேளுங்கள். ஒரே டீமின் கோலியும் புல்பேக்கும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய தலைமன்னாரில் கட்டிப்பிடித்து அழுத கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம், அங்கேயும் பந்து. நான் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவை அனுப்பி, உறவினர் வழியாகக் கைமாறிக் கைமாறிப் பதினெட்டு நாளில் கோத்தகிரியில் ஒரு சென்டர் ஹாப் கிடைத்தார். போனில் அவர் முதலில் கேட்டது சின்னத் தாத்தாவைப் பற்றி இல்லை. "மைதானம் இருக்கிறதா, இல்லை அதிலும் தேயிலை வைத்துவிட்டார்களா?" என்றார்.

எழுதும்போது பந்தோடு ஆரம்பிக்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமையில் ஆரம்பியுங்கள். மெட்ச் முடிந்த மறுவேலைநாள் அவர் எங்கே நின்றார், கால் வீங்கியிருந்ததா, கங்காணி என்ன சொன்னார். ஆட்டத்தை நடுவில் ஒரு அத்தியாயமாக வையுங்கள், அவர் ஆடியது ஏழெட்டு வருடம்தான், வாழ்ந்தது எழுபது சொச்சம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் குடும்பத்தாரையும், கூட ஆடியவர்களில் மிஞ்சியவர்களையும் உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கண்ணாடி இல்லாததால் பலர் வாசிக்க மாட்டார்கள், ஆனால் காது கூர்மையாக இருக்கும். போட்டோக்களைப் பெரிதாக எடுத்துக்கொண்டு போங்கள், பின்னால் பென்சிலில் வலமிருந்து இடமா இடமிருந்து வலமா என்று எழுதி, தெரிந்த பெயர்களைப் போடுங்கள், தெரியாத இடத்தில் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று ஸ்கேன் செய்ய, ஒன்று வீட்டுக்கு.

நான் இதையெல்லாம் செய்து, நாற்பது பக்கம் அச்சடித்து, புருவத்தில் தழும்பு உள்ள அந்தத் தாத்தாவிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். நாலாம் பக்கத்தைப் போட்டோவோடு கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி. ஆனா பின்வரிசையில மூணாவதா நிக்கிறது நான் இல்ல, என் அண்ணன்" என்றார். இப்போது நாலாம் பக்கத்துக்குத் திருத்தத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன், நூற்றைம்பது பிரதிக்கும்.